ஐப்பசியில் இட்ட முட்டைகள்

கிணற்றில் ஆமை கிடப்பதை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதுக்கிணறு வெட்டித் தண்ணீர் கண்டதும் எங்கிருந்தாவது ஓர் ஆமையைக் கொண்டுவந்து விடுவார்கள். அது புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது கணக்கு. வாளி இறங்கும்போது அது பக்கவாட்டில் நழுவிப் போவதை எட்டிப் பார்த்து நாம் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த ஆமை எங்கே முட்டை இடும், அதன் குஞ்சு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பார்த்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் கேட்டுப் பார்த்தவரையில் ஒருவரும் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். குஞ்சைப் பார்த்த அன்றுதான் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோக இருந்தது.

தினமும் குறிப்பு எழுதுகிற பழக்கம் உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு எனக்கு வந்தது. இந்த விஷயம் அதற்கு வெகு காலம் முந்தியது. ஆகவே நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகச் சொல்கிறேன். மங்கலாக இருப்பதை மங்கல் என்றே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் சண்டை தொடங்கவில்லை என்பதும், எனக்குப் பன்னிரண்டு வயது என்பதும் நிச்சயம். எங்கள் ஊர் சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் இடையில் வாய்க்கால் கரையில் இருந்தது. அப்பா அந்த வருடம் தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். மதகுக்குக் கீழே மட்டும் குட்டையாகத் தண்ணீர் நிற்கும். அதில் மீன் பிடிக்கப் போன சித்தப்பா, ஈரச் சாக்கில் இரண்டு ஆமைகளைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் அவிழ்த்தார். புதுக்கிணற்றுக்காம். ஆனால் கிணற்றில் அப்போது தண்ணீருக்குப் பதில் பாறை வந்திருந்தது. கம்பம் ஊரிலிருந்து வெடி வைக்கும் ஆள் வர வேண்டும். அவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை ஆமைகள் கொல்லையில் இருந்த மாட்டுத்தொட்டியில் கிடக்கட்டும் என்று முடிவாயிற்று.

ஒரே கல்லில் குடைந்த தொட்டி அது. ஒரு பக்கம் உதடு உடைந்திருக்கும். உட்புறம் பாசி பிடித்து வழுவழுவென்று, நடுப்பகலில்கூடக் கையை விட்டால் சில்லென்றிருக்கும். வீடு கை மாறியபோது அது யாருக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் தழைக்காது என்று நம் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. கிணற்றில் இருந்தால் நல்லது, வீட்டில் இருந்தால் கெட்டது. கொல்லை இரண்டில் எதில் சேரும்? அம்மா அதற்கு ஓர் எல்லை வகுத்தாள்.

“தொட்டியில கெடக்கட்டும். கொல்லைப்படி ஏறி உள்ள வந்துச்சு, அன்னைக்கே ஆத்துல கொண்டு போட்ருவேன்.”

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் போடிப் பக்கத்திலிருந்து அக்காவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. தாம்பூலம் மாற்றும் நேரத்தில் காற்றில் விளக்கு அணைந்துவிட்டது. சகுனம் சரியில்லை என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பேச்சு ஊரில் ஓயவே இல்லை. இன்னொரு இடமும் அப்படிப் போய்விட்டால் அக்காவைக் கேட்டு எவரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா உறுதியாக நம்பினாள்.

அக்காவுக்கு அப்போது பதினாறு, பதினேழு இருக்கும். ஆமைகளுக்குத் தீனி கொடுக்கிற வேலையை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். வாய்க்கால் ஓரத்து நத்தைகளைப் பொறுக்கிவந்து கல்லால் தட்டிப் போடுவாள். கேப்பைக்களியைச் சின்ன உருண்டையாக்கி நீட்டுவாள். அவை பாலாமைகள். முதுகு பாசி நிறம். மூக்கு பன்றி மூக்குபோல் சிறிய குழல். பின்கால்களை உள்ளே இழுத்ததும் அடிவயிற்றில் இரண்டு தோல்மடல்கள் கதவு சாத்துவதுபோல் மூடிக்கொள்ளும். அந்தக் கதவு சாத்துவதைப் பார்ப்பதற்காகவே நான் ஒரு குச்சியோடு போய் உட்காருவேன். நடுப்பகலில் நகங்கள் கல்லைச் சுரண்டும் சத்தம் அடுப்படிவரைக்கும் கேட்கும்.

ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரிது ஆண், சிறிது பெண் என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

“ஆம்பளைன்னா ஒடம்பு பெருசாத்தேன் இருக்கும்.”

“அப்ப சித்தியையும் ஒங்களையும் எப்புடிச் சேக்குறது சித்தப்பா?” என்றாள் அக்கா. சித்தி அவரைவிட ஒரு பிடி உயரம், இரண்டு பங்கு அகலம். சித்தி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் ஆடி அரிசி கொட்டியது.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் தொட்டி நிரம்பி, உடைந்த உதடு வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெரியதைக் காணோம். அக்காவும் நானும் தேடினோம். கொல்லையின் வடகிழக்கு மூலையில் வேலியோரம் அது வாலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு கால், பிறகு மறுகால், மாற்றி மாற்றி, அவசரமே இல்லை. குழி ஆழமானதும் சற்று நேரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு முட்டை விழுந்தது. கோலிக்குண்டு மாதிரி உருண்டை, சுண்ணாம்பு வெள்ளை. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். பத்து முட்டைகள். முட்டையிட்டு முடித்ததும் அதே பின்காலால் மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அமுக்கி மட்டமாக்கியது. திரும்பிப் பார்க்காமல் தொட்டியை நோக்கி நடந்தது. நான் கண்ணை எடுத்திருந்தால் இடம் தெரிந்திருக்காது. அவ்வளவு சுத்தமான வேலை.

செய்தி கேட்டு வந்த சித்தப்பா முதலில் நம்பவில்லை. மேல்மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தார். பெரியது ஆணில்லை என்பதை ஒப்புக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆனால் கோழி வளர்த்தவர் அல்லவா, உடனே அடுத்த யோசனைக்குப் போய்விட்டார். ஈர மண்ணுக்குள் முட்டை கிடந்தால் எப்படிப் பொரியும், சூடு வேண்டாமா, செவலைக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அதன் கீழே வைத்துவிடலாம் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். கடைசியில் மேலாக இருந்த ஐந்தை அவர் எடுத்துக்கொண்டார். கீழே இருந்த ஐந்தை அக்கா தொட விடவில்லை.

செவலைக் கோழி அந்த உருண்டைகளைத் தன் முட்டைகளோடு சேர்த்துக்கொண்டது. தினமும் அலகால் அவற்றைப் புரட்டிப் போட்டது. மூன்று வாரத்தில் கோழிக்குஞ்சுகள் வந்தன. ஆமை முட்டைகள் அப்படியே கிடந்தன. சித்தப்பா ஒன்றைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு உடைத்தார். அந்த நாற்றம் தொழுவத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது; அம்மா சாம்பிராணி போட்டாள்.

“சிறுசு சரியில்ல. அது ஆம்பளையே இல்ல” என்றார் சித்தப்பா.

“பெருசு ஆம்பளைன்னு சொன்னதும் நீங்கதேன்” என்றாள் சித்தி.

நெடுங்காலம் கழித்து, விலங்கியல் படித்த என் மருமகள்தான் எனக்கு விளக்கினாள். கோழி முட்டையைப் புரட்டாவிட்டால் கெடும்; ஆமை முட்டையைப் புரட்டினால் கெடும். இட்ட இடத்தில் இட்டபடி கிடக்க வேண்டும். சித்தப்பாவின் யோசனையில் அன்பு இருந்தது, அக்கறை இருந்தது. கோழிக்குத் தெரிந்த ஒரே அக்கறை அந்த முட்டைகளைக் கொன்றுவிட்டது.

மண்ணுக்குள் இருந்த ஐந்தும் கெட்டதுதான் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவில் அம்மாவுக்கு நிம்மதி. அக்கா, கோழிகள் கிளறாமலிருக்க, கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரங்களில் பழசாகப் போன ஒன்றை எடுத்து அந்த இடத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தாள். ஒரு பக்கம் பிய்ந்து, தேங்காய்நாரால் கட்டிய பஞ்சாரம். வேண்டாத பொருள் மூலையில் கிடக்கிறது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தரம் தோண்டிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று கெஞ்சினேன்.

“தோண்டுனா நம்ம ஆசை தீரும்டா. அதுக்கு என்ன ஆகும்?” என்றாள்.

தை மாதம் தேவாரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் பார்க்க அவர்கள் வரும் அன்று அம்மா தொட்டியின்மேல் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, அதன்மேல் சேலையை விரித்து மிளகாய் வற்றலைக் காய வைத்தாள். எங்களிடம் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா உயரமான மனுஷி. எதையும் பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர். மாடு, வைக்கோல்போர், உரல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கொல்லைக்கு வந்தார். கட்டிலுக்கு அடியில் நகம் சுரண்டியது.

“என்ன மதினி அது, எலியா?”

“எலிதேன் மதினி” என்றாள் அம்மா.

அவர் கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மிளகாயைப் பார்த்தேன்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனி முதல் வாரத்தில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். அம்மா குச்சனூருக்கு நடந்துபோய் சனீஸ்வரருக்கு எள் விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டாள். சகுனத் தடை ஏதும் இல்லாமல் தாலி ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எங்கள் வீட்டுக்கு முன்னால் தெருவைத் தவிர இடமில்லை. பந்தல் போடுவதென்றால் கொல்லைதான். பந்தக்கால் வடகிழக்கு மூலையில்தான் நட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மூலையில் பஞ்சாரம் கவிழ்ந்து கிடந்தது.

கால் நடுகிற காலையில் அப்பா கடப்பாரையோடு வந்து, பஞ்சாரத்தைத் தூக்கி வேலிப்பக்கம் வைத்தார். அக்கா வேகமாக வந்து, ஒரு முழம் தள்ளித் தோண்டச் சொன்னாள். மூலை என்றால் மூலைதான், நகர்த்தக் கூடாது என்றாள் அம்மா. அப்பா இருவரையும் பார்த்தார். கடப்பாரையை ஒரு முழம் தள்ளிப் போட்டார். கேட்டால் பாறை இருக்கிறது என்று சொல்லத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன்; கிணற்றில் பாறை கண்டவர் சொல்லை யார் மறுப்பார்கள்? இது என் ஊகம்.

குழியில் பாலும் நவதானியமும் போட்டு, பச்சைப் பூவரசங்கொம்பை நட்டு, மஞ்சள் துணி கட்டினார்கள். கல்யாணம் முடிகிறவரைக்கும் காலையில் அதன் அடியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். கொம்பு துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. துளிர்க்காவிட்டால்? ஆகவே அவள் செம்பை விட்டுவிட்டுக் குடத்தை எடுத்தாள். காலையில் ஒரு குடம், வெயில் தாழ்ந்ததும் ஒரு குடம். மழை விட்டதிலிருந்து காய்ந்து கிடந்த மண் ஒரு முழத்துக்கு அப்பாலும் கறுத்து ஊறியது. நாலைந்து நாளில் கொம்பில் சிவந்த மொட்டுகள் கண்டன. அம்மா பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

தேவாரத்துக்காரர்கள் வண்டி கட்டி முந்தின நாளே வந்துவிட்டார்கள். கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து சாரல். மலைப்பக்கமிருந்து பொடிப்பொடியாக விழுந்து, தென்னங்கிடுகின் நுனிகளில் கோத்து நின்றது. ஈரக் கிடுகு, அரைத்த சந்தனம், புது அரிசி வேகிற வாடை எல்லாம் கலந்து வந்தன. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பந்தக்காலுக்குத் தன் பங்குக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். கூட அவருடைய அண்ணன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் வாக்குத்தான். அம்மாவும் நானும் பக்கத்தில் நின்றோம்.

கொம்புக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் ஒரு வெடிப்பு இருந்தது. வெடிப்பு அசைந்தது. ஒரு சின்ன மூக்குக் குழல் வெளியே வந்தது. பிறகு தலை, பிறகு காலணா அகல முதுகு. அதன்மேல் ஈர மண் ஒட்டியிருந்தது.

அம்மா வேலியோரம் இருந்த பஞ்சாரத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பஞ்சாரத்தின் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பக்கமாக முதல் குஞ்சு வெளியே நடந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“ஆமையா?” என்றார் தாய்மாமன். “பந்தக்காலடியிலயா?”

கூட்டம் கூடிவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பெண்ணெடுப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளையை மணையில் உட்கார வைக்காதீர்கள் என்று அமைதியாகச் சொன்னார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அணைந்த விளக்கு அவள் நினைவுக்கு வந்திருக்கும்.

அப்போது அக்கா வெளியே வந்தாள். பாதிச் சடைதான் பின்னியிருந்தது. மீதி முடி தோளில் கிடந்தது. முகூர்த்தத்துக்கு முன் பெண் இப்படி வெளியே வருவது வழக்கமில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, ஒருவர் காலில் மிதிபட இருந்த குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“இது எங்கேருந்தும் வரல மாமா. இங்கனதேன் பொறந்துச்சு.”

அவர் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கைப்பக்கம் குனிந்தார். சகுனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“எப்ப வச்ச முட்டை ஆத்தா?”

“ஐப்பசில.”

“ஐப்பசியா? இப்ப ஆனியில்ல நடக்குது.”

“ஆமா அத்தை.”

“அம்புட்டு நாளும் அங்கனயே கெடந்துச்சா? நீ தோண்டிப் பாக்கலையா?”

“இல்ல.”

“ஒரு நாளுகூடவா?”

“தோண்டுனா கெட்டுப் போகும்னு தோணுச்சு அத்தை.”

அவர் நிமிர்ந்தார். முதலில் என் அம்மாவைப் பார்த்தார்.

“அன்னைக்கு எலின்னீகளே மதினி.”

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, வெளியேருந்து உள்ள வந்தது ஆகாதுன்னா, நானுந்தேன் எம்புருசன் வீட்டுக்கு வெளியேருந்து வந்தேன். ஒங்க பொண்டாட்டியும் அப்புடித்தேன். என்ன கெட்டுப்போச்சு? எட்டு மாசம் தோண்டாம இருந்த புள்ள இவ. எங்கூடக் குப்பை கொட்டுறதுக்கு இதவிடப் பொறுமைசாலி எங்க கெடைப்பா? ஏலே, மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க.”

முதலில் சிரித்தது தாய்மாமனின் மனைவிதான். பிறகு அவரும் மீசையைத் தடவிக்கொண்டார். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. அக்கா சடை பின்ன உள்ளே போனாள். குஞ்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் நகங்கள் பட்டு உள்ளங்கை கூசியது இப்போதும் நினைவிருக்கிறது. மொத்தம் நான்கு வந்தன. ஐந்தாவது வரவில்லை.

முட்டைக்குள் இருப்பதற்கு வெளியே ஈரம் வந்தது எப்படித் தெரிகிறது? மழைக்குக் காத்திருந்து வெளிவருவது அந்த இனத்தின் வழக்கம் என்று மருமகள் சொல்கிறாள். வழக்கம் என்பது சரி. எப்படி என்று கேட்டால் அவளும் யோசிக்கிறாள். ஒன்று மட்டும் தெளிவு. அவற்றை வெளியே வரவழைத்தது சாரல் அல்ல; அது அன்றைக்குத்தான் விழுந்தது. சகுனத் தடை வரக் கூடாது என்று எள் விளக்குப் போட்ட என் அம்மாதான், கொம்பு துளிர்க்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வரவழைத்தாள். இதை நான் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அக்கா தேவாரத்துக்கு வண்டி ஏறியபோது இரண்டு குஞ்சுகள் ஒரு பித்தளைத் தூக்குவாளியில் போயின. தங்கள் கிணற்றில் பூச்சி மண்டிக் கிடக்கிறது என்று அத்தைதான் கேட்டு வாங்கினார். மற்ற இரண்டும் தாயோடும் தகப்பனோடும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போயின. அதற்குள் பாறை உடைந்து ஊற்று கண்டிருந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஏழு வருடம் பிள்ளை இல்லை. தேவாரத்தில் பேச்சுக் கிளம்பியது. தன் மருமகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அதே தாய்மாமன் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். அக்கா அடுப்படியில் இருந்திருக்கிறாள். பிற்பாடு அவளே என்னிடம் சொன்னது இது. அத்தை வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டு வந்து சொன்னாராம்:

“ஐப்பசில வச்சது ஆனியில வந்துச்சு. நீங்களும் எம்பக்கத்துல நின்னுதேன் பாத்தீக. தோண்டாதீக அண்ணே.”

அதற்கு மறுவருடம் அக்காவுக்கு மகள் பிறந்தாள். தவழத் தொடங்கியதும் கிணற்றடிக்குத்தான் முதலில் போவாளாம். மதுரைக்கு அனுப்பி விலங்கியல் படிக்க வைத்தார்கள். பிறகு என் மகனைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.